கடைசித் தண்ணியில் ஒரு வாளை

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டால் எங்கள் குத்தாலத்தில் டீக்கடையிலும் கடைத்தெருவிலும் ஒரே கேள்விதான். "இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணி வரும்?" விவசாயிக்கு அது சம்பாவின் கடைசி நனைப்பைப் பற்றிய கவலை. எனக்கு அது வேறு கணக்கு. வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று ஆகும் நாளில்தான் தூண்டில்காரனுக்குப் பருவம் தொடங்கும். தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் முடிந்தும் போகும்.

மேட்டூர் அணையின் கணக்கு நம் வயதுக்காரர்களுக்கு மனப்பாடம். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். 1934-இல் கட்டி முடித்த அணை. 120 அடி உயரம் தண்ணீர் நிற்கும், நிறைந்தால் 93.47 டி.எம்.சி. ஜூன் 12 என்பது பல வருஷங்களில் ஏட்டளவில் நின்றுபோனது. 2022-இல் மே மாதமே திறந்தார்கள். 2024-இல் ஜூலை கடைசி வரை காத்திருந்தோம். திறப்பு முன்னே பின்னே போனாலும் மூடுகிற நாள் மட்டும் பெரும்பாலும் ஜனவரி 28-ஐ ஒட்டியே வரும். அங்கே மூடினால் இங்கே உடனே வற்றாது. ஓடுகிற தண்ணீர் கல்லணை வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, எங்கள் ஊர்ப் படித்துறையில் கடைசிப் படி தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

அந்தப் பத்து நாளில் ஆற்றில் இருக்கும் மீனெல்லாம் பள்ளம் தேடிப் போகும். அகலமாக ஓடிய ஆறு முதலில் நடுவில் ஒரு ஓடையாகச் சுருங்கும். பிறகு ஓடையும் அறுந்து, மடு மடுவாக நிற்கும். ஆழமான மடுவில் மீன் குவிந்திருக்கும். கெண்டை, கெளுத்தி, உளுவை, ஆரால், விரால் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கும். அவற்றைத் தின்ன வருகிறவன்தான் வாளை.

கடல் வாளையைச் சொல்லவில்லை. அது வெள்ளி நாடா மாதிரி இருக்கும், கருவாடாகவும் விற்பார்கள். இது ஆற்று வாளை. செதில் கிடையாது. பக்கவாட்டில் தட்டையான உடம்பு, காது வரை கிழிந்த வாய், வாய் நிறைய ஊசிப் பல், இரண்டு நீண்ட மீசை. வயிற்றுக்குக் கீழே வால்வரை ஒரே துடுப்பு ஓடும். பகலில் பள்ளத்தில் அசையாமல் கிடக்கும். இருட்டினால் வேட்டைக்குக் கிளம்பும். ஓர் ஆள் இடுப்புயரம் வளரும். தேவாரப் பதிகங்களில் சோழநாட்டு வயலைப் பாடும் இடத்தில் எல்லாம் வாளை துள்ளிப் பாய்ந்துகொண்டே இருக்கும். எங்களூரின் பழைய பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டு. அப்படி ஒரு காலத்தில் நாலு பக்கமும் தண்ணீர் சூழ இருந்த ஊர் என்றால் வாளைக்குக் குறைவிருந்திருக்காது.

என் சிறு வயதிலும் குறைவில்லை. இன்று எழுத வந்தது அப்படி ஒரு வாளையைப் பற்றித்தான். அறுபது வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம். இந்தத் தை மாதம்தான் சொல்ல வேண்டியவரிடம் சொன்னேன். அவரிடம் சொல்லிவிட்ட பிறகு உங்களிடம் சொல்வதில் தயக்கமில்லை.

என் அப்பா குத்தாலம். அம்மா காரைக்கால். இன்றைக்கு பஸ்ஸில் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். ஆனால் அம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் அது அயல்நாட்டிலிருந்து பெண் எடுத்த மாதிரி. அவள் பிறந்தது பிரெஞ்சுக்காரன் ஊரில். தாய்மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர். 1954 நவம்பர் 1-இல் காரைக்கால் நம்மோடு சேர்ந்த பிறகும் பிரெஞ்சு வழிப் படிப்பு அங்கே நடந்துகொண்டிருந்தது. "பையனை என்கிட்ட விடு, படிக்க வெச்சு ஆளாக்குறேன்" என்று மாமா கேட்க, ஆறு வயதில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். மாமாவுக்கு ஒரே மகன். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவர், எனக்கு அத்தான். ஒரே பெஞ்சு, ஒரே தட்டு, ஒரே பாய். அவருடைய பேரை இங்கே எழுத அவர் சம்மதிக்கவில்லை. அத்தான் என்றே சொல்கிறேன்.

லீவு விட்டால் இரண்டு பேரும் குத்தாலம் வந்துவிடுவோம். காரைக்காலில் ரயிலேறி, பேரளத்தில் மாறி, மாயவரத்தில் மறுபடி மாறி, குத்தாலத்தில் இறங்குவோம். எல்லாம் கரி வண்டி. இறங்கும்போது இரண்டு பேர் மூஞ்சியும் ஒரே நிறமாக இருக்கும்.

குத்தாலத்தில் எங்களுக்கு எல்லாமே பெரியப்பாதான். பொதுப்பணித்துறையில் லஸ்கர். லஸ்கர் என்றால் யார் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்ரஸில் பலகையை ஏற்றி இறக்கும் ஆள். எந்த வாய்க்காலுக்கு எத்தனை அங்குலம் தண்ணீர் என்பதை ஓவர்சியர் காகிதத்தில் எழுதுவார், லஸ்கர் கையால் செய்வார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தால் அரிக்கேன் விளக்கோடு ஓடுவது அவர்தான். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின என்று டி.வி.யில் பார்த்தபோது எனக்கு முதலில் பெரியப்பா முகம்தான் நினைவுக்கு வந்தது.

சட்ரஸ் பலகை வழியாக விழும் தண்ணீர் கீழே மண்ணைக் குடைந்துகொண்டே இருக்கும். கல் தளம் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டி ஒரு பள்ளம் விழுந்துவிடும். வருஷா வருஷம் குடைந்து அது பெரிய மடுவாகிவிடும். ஆறு வற்றினாலும் அந்த மடு சித்திரை வரை வற்றாது. பெரியப்பாவின் சட்ரஸுக்குக் கீழே அப்படி ஒரு மடு இருந்தது. இரண்டு ஆள் ஆழம் என்பார்கள். ஆற்று வாளை அங்கேதான் கிடக்கும்.

பெரியப்பா எங்களுக்கு ஒரு பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் மூடிய முதல் மூன்று நாள் போகாதே, கலங்கல், இழுப்பும் இருக்கும். நாலாம் நாள் தெளியும். தெளிந்த பிறகு உன் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. வாளைக்கு மண்புழு ஆகாது, உயிரோடு இருக்கும் சின்னக் கெண்டைதான். முள்ளை அதன் முதுகுத் துடுப்புக்கு அடியில் தோலில் மட்டும் கோக்க வேண்டும். ஆழமாகக் கோத்தால் செத்துவிடும், செத்த கெண்டையை வாளை திரும்பிப் பார்க்காது. தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. நரம்பு நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் அறுந்துபோகும். தக்கை உள்ளே போன உடனே இழுக்காதே. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணு. நாங்கள் பிரெஞ்சில் எண்ணுவோம். "அந்த பாஷையில எண்ணினா மீனுக்குப் புரியாதுடா" என்று சிரிப்பார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை லீவு நாளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் பெரியப்பா தினமும் சாயங்காலம் மீன் பிடிப்பார் என்று எழுதினேன். பிரெஞ்சில் மீன் பிடிப்பதற்கும் பாவம் செய்வதற்கும் ஏறக்குறைய ஒரே சொல். 'பெஷே' என்றுதான் இரண்டும் காதில் விழும். எழுதும்போது மீன் பிடிக்கிற சொல்லில் 'எ' எழுத்தின் தலையில் ஒரு தொப்பி இருக்கும். பாவத்துக்குத் தொப்பி கிடையாது, சாய்வாக ஒரு கோடுதான். நான் தொப்பியை விட்டுவிட்டுக் கோடு போட்டிருந்தேன். முசியே அதை வகுப்பில் உரக்க வாசித்து, "உன் பெரியப்பா தினமும் சாயங்காலம் தவறாமல் பாவம் செய்கிறாரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட அத்தான்தான் அதிகம் சிரித்தார். அதற்குப் பிறகு தூண்டிலை எடுக்கும்போதெல்லாம் "வாடா மாப்ளே, பாவம் பண்ணப் போவோம்" என்பார்.

இனி அந்த வாளைக்கு வருகிறேன்.

1966, தை கடைசி. எனக்குப் பதினாலு முடிந்திருந்தது. பெரியப்பாவிடம் ஒரு தூண்டில் கழி உண்டு. கல்மூங்கில். பன்னிரண்டு அடி. வெட்டிக்கொண்டு வந்து, கணு சீவி, விளக்கெண்ணெய் தடவி, அடுப்புக்கு மேலே பரணில் புகையில் இரண்டு வருஷம் போட்டு எடுத்தது. காப்பிக் கொட்டை நிறம். நுனியில் நூல் சுற்றி அரக்கு பூசியிருக்கும். வளைத்தால் நுனி அடியைத் தொடும், விட்டால் நேராகிவிடும். அதை யாரையும் தொட விடமாட்டார். அந்த வருஷம் என்ன தோன்றியதோ, "இந்தத் தண்ணியில உங்க ரெண்டு பேர்ல யார் தூண்டில்ல வாளை விழுதோ அவனுக்கு இந்தக் கழி" என்று சொல்லிவிட்டார்.

பகலில் மூன்று நாள் உட்கார்ந்தோம். கெளுத்தி கிடைத்தது, ஒரு விரால் கிடைத்தது. வாளை வரவில்லை. நாலாம் நாள் பெரியப்பா சொன்னபடி ராத்திரித் தூண்டில் கட்டினோம். கரையில் முளைக்குச்சி அடித்து, அதில் நரம்பைக் கட்டி, கெண்டையைக் கோத்து மடுவில் விட்டுவிட்டு வந்துவிடுவது. ஆளுக்கு இரண்டு. அடையாளத்துக்கு அத்தான் குச்சியில் சிவப்புத் துணி, என் குச்சியில் வெள்ளைத் துணி. பெரியம்மாவின் பழைய புடவைக் கிழிசலும் என் பழைய சட்டைக் கிழிசலும்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்றைக்குப் பனி இரண்டையும் சேர்த்துத் துளைத்தது. "விடியறதுக்கு முன்னாடி போய்ப் பாத்துடுங்கடா, நாய் நரி இழுத்துடும்" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். முதலில் எனக்குத்தான் விழிப்பு வந்தது. அத்தானைத் தட்டினேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு புரண்டு படுத்தார். அரிக்கேனை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். எதிரே இரண்டு முழம் தாண்டித் தெரியாத பனி. சட்ரஸ் மேல் நடந்தபோது என் கால் சத்தமே எனக்குப் பயமாக இருந்தது.

என் குச்சிகள் இரண்டும் சும்மா நின்றன. ஒன்றில் கெண்டை அப்படியே, இன்னொன்றில் வெறும் முள். மூன்றாவது குச்சி மடு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நரம்பு விறைத்திருந்தது. சிவப்புத் துணி.

பிடித்து இழுத்தேன். முதலில் கட்டையில் மாட்டிக்கொண்டது போலக் கனம். பிறகு அது உயிர் என்று கைக்குத் தெரிந்தது. கையில் நரம்பு அறுத்து ரத்தம் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் ஓரத்தில் அது வாயைத் திறந்து ஒரு தடவை விளக்கைப் பார்த்தது. வெள்ளி மாதிரி ஒரு மினுக்கல். மணலில் இழுத்துப் போட்டேன். என் கையைவிட நீளம்.

பிறகு நான் செய்ததைத்தான் அறுபது வருஷமாகச் சொல்லவில்லை. சிவப்புத் துணியை அவிழ்த்து என் குச்சியில் கட்டினேன். என் வெள்ளைத் துணியை அந்தக் குச்சியில் கட்டினேன். மொத்தம் பத்து எண்ணும் நேரம்தான். கை நடுங்கியது பனியால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியப்பா வந்து பார்த்தார். குச்சியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என் கையில் இருந்த வெட்டைப் பார்த்தார். "நீயேவா இழுத்தே?" என்றார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. மளிகைக் கடைத் தராசில் நிறுத்து ஒன்பது ராத்தல் என்றார் பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் கிலோ கணக்குப் படித்த நாங்கள் நாலு கிலோ என்றோம். பெரியம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மண்சட்டியில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் மாங்காய் வற்றலும் போட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாள் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ருசி தெரியவில்லை. அத்தான் மூன்று துண்டு தின்றுவிட்டு, "நீ கெட்டிக்காரன்டா மாப்ளே" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே கழி என் கைக்கு வந்துவிட்டது.

அடுத்த லீவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக்கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மாமா எழுதிக்கொடுத்திருந்தார். ராணுவ பென்ஷன்காரர், அவருக்கு அதுதான் நியாயம். ஆகவே அத்தானும் பிரெஞ்சுக்காரர். நான் குத்தாலத்தானுக்குப் பிறந்தவன், இந்தியன். ஒரே பாயில் படுத்தவர்களுக்கு இரண்டு நாடு. 1968-இல் அவர் பிரான்சுக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்தார். நான் படிப்பு முடித்துக் காரைக்காலில் புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு நகல் எல்லாம் என் மேசைக்கு வரும். அடுத்தவர் வாழ்க்கையில் ஒரு எழுத்து, ஒரு தேதி தப்பில்லாமல் எழுதிக்கொடுப்பதுதான் என் வேலை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் செய்தேன்.

அத்தான் கடிதம் போடுவார். நீல நிற வான் அஞ்சல் தாள். கல்யாணம், பிள்ளைகள், பனி, சம்பளம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும். "எ லா கான்?" கழி எப்படி இருக்கிறது என்று அர்த்தம். அவர் ஆசையாகத்தான் கேட்டார். எனக்கு அந்த வரி வரும்போதெல்லாம் தொப்பி இல்லாத அந்த எழுத்து கண் முன்னே நிற்கும். "பத்திரமாக இருக்கிறது" என்று பதில் எழுதுவேன். பத்திரமாகத்தான் இருந்தது. அதில் நான் ஒரு வாளைகூடப் பிடித்ததில்லை. பெரியப்பா போன பிறகு அதை எடுக்கவே மனம் வரவில்லை. பரணில் போட்டுவிட்டேன்.

இந்த வருஷம் பொங்கலுக்கு அத்தான் வந்தார். மனைவி தவறி இரண்டு வருஷமாகிறது. முழங்காலில் ஆபரேஷன் செய்து உலோகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆபரேஷன் இல்லை, வலி மட்டும் உண்டு. வந்த மறுநாளே, "மேட்டூர் எப்ப மூடுறான்?" என்று கேட்டார். டிக்கெட்டையே அதற்குத் தகுந்தபடிதான் போட்டிருக்கிறார்.

அவர் அங்கேயும் தூண்டிலை விடவில்லை. பாரிசுக்கு வெளியே குடியிருப்பு. மார்ன் ஆற்றில் சாந்த்ரு என்று ஒரு மீன் பிடிப்பாராம். இருட்டும் நேரத்தில் வேட்டையாடுகிற மீன். இருட்டில் வெளிச்சம் பட்டால் அதன் கண் பளிச்சென்று மின்னும். அதன் பங்காளி ஒன்று கனடாவின் ஏரிகளிலும் பெரிய குடாக்களிலும் இருக்கிறது, அங்கே அதற்கு வால்-ஐ என்று பெயர். குளிர்காலம் வந்து தண்ணீர் உறைவதற்கு முன்னால் கடைசிக் கடைசியாகப் படகில் போய் அதைப் பிடிப்பார்களாம். "அவன் தண்ணி உறையறதுக்குள்ள பிடிக்கிறான், நாம வத்தறதுக்குள்ள பிடிக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். பிரான்சில் மீன் பிடிக்க வருஷா வருஷம் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும். புரோஷே என்ற மீனுக்கு ஜனவரி கடைசி ஞாயிறோடு பருவம் மூடிவிடும், சித்திரை மாதக் கணக்கில்தான் மறுபடி திறக்கும். நம் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை மாதிரி. நம் ஆற்றுக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை, அணையே மூடிக்கொள்கிறது.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு சாயங்காலம் போனோம். என் பேரன் காரில் கொண்டுவந்து கரையில் இறக்கி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு, "போன் பண்ணுங்க தாத்தா" என்று போய்விட்டான். பத்து கிலோமீட்டர் கிழக்கே மயிலாடுதுறையில் முடவன் முழுக்கு என்று ஒன்று உண்டு, தெரியுமல்லவா? ஐப்பசி முழுக்குக்குக் கால் இழுத்து இழுத்து வந்த முடவன் ஒரு நாள் பிந்திவிட்டானாம். கார்த்திகை முதல் நாள் வந்து முழுகியவனுக்கும் அதே புண்ணியம் என்று சிவன் சொன்னாராம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கியதைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்கும்.

சட்ரஸ் இப்போது புதிது. மடு பாதியாகிவிட்டது. மேலே மணல் போன இடங்களில் ஆறு வேறு மாதிரி குடைந்துகொண்டு போகிறது. ஓரத்தில் ஆகாயத்தாமரை. ஆனாலும் தண்ணீர் தெளிந்திருந்தது. அத்தான் மடித்து வைக்கிற ராடும் ரீலும் கொண்டுவந்திருந்தார். நான் பரணிலிருந்து கழியை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நுனி அரக்கைத் தடவிக்கொண்டே இருந்தார். தூண்டில் போடவில்லை.

"அத்தான், ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். சிவப்புத் துணி, வெள்ளைத் துணி, பத்து எண்ணும் நேரம், எல்லாம். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னேன்.

அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்கு நீ என்னை எழுப்பினே இல்ல?" என்றார்.

"ஆமா."

"நான் தூங்கலடா. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த இருட்டுல சட்ரஸ் மேல நடக்கப் பயம். பெரியவன் நானு, பயம்னு உன்கிட்ட சொல்ல முடியுமா? தூங்குற மாதிரி படுத்துட்டேன். நீ விளக்கை எடுத்துக்கிட்டுப் போறதைப் போர்வைக்குள்ள இருந்து பாத்தேன். திரும்பி வர்றவரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். தண்ணியில விழுந்திருந்தா அத்தைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? கழியைப் பத்திக் கேட்டு எழுதுறப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். மீன் எந்தக் குச்சியில விழுந்துதுன்னு நான் யோசிச்சதே இல்லை. எழுந்து போனவன் நீ. உனக்குத்தான் கழின்னு நெனச்சேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன், பனி என்று சொல்லிக்கொள்ள இந்தத் தடவையும் வசதியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, அவருக்கே உரிய அந்தப் பழைய குரலில், "அப்படின்னா இந்தக் கழி என்னோடதுதான?" என்றார்.

"உங்களோடதுதான் அத்தான்."

"அப்ப எடுத்துக் கட்டு. சும்மாவா வந்தோம்?"

கெண்டையைக் கோத்துக் கொடுத்தேன். அவர் கழியை நீட்டிப் போட்டார். பொழுது சாய்ந்து, ஊர்ப் பக்கம் கோயில் மணி கேட்டது. இரண்டு கெளுத்தி வந்தது, ஒரு ஜிலேபி வந்தது. இருட்டிய பிறகு பேரன் கொடுத்துவிட்டுப் போன டார்ச் வெளிச்சத்தில் தக்கை ஒரு தடவை துடித்து உள்ளே போனது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் அன், தூ, துருவா என்று எண்ண ஆரம்பித்தோம். பத்துக்கு அவர் தூக்கினார். ஒரு சாண் நீளம். செதில் இல்லாத உடம்பு, கிழிந்த வாய், இரண்டு மீசை. வாளைக் குஞ்சு. ஆற்று வாளையை நான் உயிரோடு பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும்.

அத்தான் கையை நனைத்துக்கொண்டு, முள்ளை மெதுவாகக் கழற்றி, குனிய முடியாத முழங்காலை வைத்துக்கொண்டு எப்படியோ குனிந்து, தண்ணீரில் விட்டார். சின்னதை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டமாம். இங்கே சட்டம் இல்லாவிட்டாலும் இருக்கட்டும் என்றார்.

ஊருக்குக் கிளம்பும்போது கழியைக் கொண்டுபோக முடியவில்லை. பன்னிரண்டு அடி மூங்கிலை எந்த விமானத்தில் ஏற்றுவது? அவருடைய கழி என் வீட்டில் இருக்கிறது. பரணில் இல்லை, திண்ணை உத்தரத்தில் இரண்டு கொக்கி போட்டு மாட்டியிருக்கிறேன். அடிப்பக்கம் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். மேட்டூர் நிலவரத்தை வாரா வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.